படத்துக்கு ஒரு வரிசை, பாட்டுக்கு ஒரு வரிசை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் ஒலிக்கருவிகள் வாங்கி அமைப்பது பற்றித் தங்கள் வார இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கையிலிருக்கும் தொகையை ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், பிளேயர், கேபிள் என்று நான்கு சம பங்காகப் பிரித்துக்கொள்ளச் சொல்கிறது கட்டுரை. நான்கும் ஒரே சங்கிலியின் கண்ணிகள், எந்தக் கண்ணி இற்றாலும் சங்கிலி அறுந்துவிடும் என்பது அதற்குச் சொன்ன காரணம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாக் கண்ணிகளும் ஒரே அளவுக்கு இற்றுப்போவதில்லை. தவிர, ஒருவர் தனியே அமர்ந்து பாட்டுக் கேட்கும் அறைக்கும், ஐந்தாறு பேர் வரிசையாக உட்கார்ந்து படம் பார்க்கும் அறைக்கும் ஒரே பட்டியல் பொருந்தவும் பொருந்தாது.

எந்தக் கருவி எவ்வளவு பிழை செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். இன்றைய சுமாரான ஆம்ப்ளிஃபயர்கூட, அதன் வரம்பை மீறாதவரை, 20 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 20 அதிர்வு) முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, சத்த அளவில் அரை டெசிபல் கூடக் குறைய விடாமல் ஒலியைக் கடத்திவிடும், சிதைவு 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்கும். டிஜிட்டல் ஒலியை மின்னலையாக மாற்றும் டாக் கருவியின் சிதைவு அதிலும் பல மடங்கு குறைவு. ஸ்பீக்கரின் கதை வேறு. சோதனைக் கூடத்தில் வைத்து அளந்தாலே 3 டெசிபல் மேலும் கீழும் ஆடும். சத்தமாக வைத்தால் அடி ஸ்தாயியில் சிதைவு பல சதவீதத்தைத் தொடும். அதே ஸ்பீக்கரை அறைக்குள் கொண்டுவந்து வைத்தால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே 10 டெசிபல் ஏற்ற இறக்கம் சர்வ சாதாரணம். பிழை இருக்கும் இடத்தில்தான் பணமும் உழைப்பும் போக வேண்டும். அந்த இடம் ஸ்பீக்கரும் அறையும்.

பாட்டு புறப்படும் 'மூலக் கருவிதான் முதலில்' என்ற வாதத்துக்கும் ஒரு காலம் இருந்தது. 1970களில் ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் இதை உரக்கச் சொன்னது. அவர்கள் விற்றது இசைத்தட்டுச் சுழலி. ஊசி, சுழலும் அச்சு, மோட்டார் அதிர்வு என்று எல்லாமே ஒலியில் கலக்கும் கருவி அது. இன்றும் இசைத்தட்டு கேட்பவர்கள் ஊசி பொருந்திய கார்ட்ரிட்ஜுக்கும் அதன் மெல்லிய மின்னலையைப் பெருக்கும் ஃபோனோ பிரீஆம்ப்புக்கும் கணிசமாக ஒதுக்கத்தான் வேண்டும். 16 பிட் சிடியோ இணையத்தில் வரும் பாட்டோ கேட்பவருக்கு அந்த வாதம் பொருந்தாது. 16 பிட்டின் 96 டெசிபல் வீச்சை, அதாவது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் உள்ள இடைவெளியை, முழுதாகக் கேட்கும் அளவுக்கு அமைதியான வீடு எங்கும் இல்லை.

பாட்டுக்கு மட்டும் என்றால் வரிசை எளிது. மொத்தத்தை 100 பங்காக வைத்தால் 55 முதல் 60 பங்கு இரண்டு ஸ்பீக்கர்களுக்கு, 25 பங்கு ஆம்ப்ளிஃபயருக்கு, மூலக் கருவிக்கு 10. மிச்சம் ஸ்டாண்டு, கேபிள், தரைவிரிப்பு. தரைவிரிப்பைக் கணக்கில் சேர்த்ததைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். வெறுந்தரையும் வெறுஞ்சுவருமாக இருக்கும் அறையில் கையைத் தட்டினால் 'ட்ரிங்' என்று ஓர் ஒலி இழுக்கும். குரலின் தெளிவைக் கெடுப்பதில் அதற்கு எந்த விலை குறைந்த ஆம்ப்ளிஃபயரும் இணையில்லை.

ஒரே தொகைக்கு உயரமான டவர் ஸ்பீக்கரும் சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரும் கிடைத்தால், சிறியதை எடுப்பதே பெரும்பாலும் நல்லது. டவரில் பணத்தின் பெரும்பகுதி மரப்பெட்டிக்கும் அடி ஸ்தாயிக்கான கூடுதல் வூஃபருக்கும் போய்விடுகிறது. ஆறரை அங்குல வூஃபர் உள்ள நல்ல புக்‌ஷெல்ஃப் 50 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். பேஸ் கிட்டாரின் கடைசித் தந்தி 41 ஹெர்ட்ஸ். விட்டுப்போன அந்த அடிப்பகுதியைப் பிறகு அதற்கென்றே தனிப் பெட்டியாக வரும் ஒரு சப்வூஃபர் வாங்கிச் சேர்த்துக்கொள்ளலாம். நடுவில் குரலும் வயலினும் பிசகினால் சேர்த்துக்கொள்ள எதுவும் கிடையாது. கனடாவின் தேசிய ஆய்வு மன்றத்திலும் பிறகு ஹர்மன் நிறுவனத்திலும் பணியாற்றிய ஃபிளாய்ட் டூல், எந்த ஸ்பீக்கர் ஒலிக்கிறது என்று தெரியாதபடி கேட்பவர்களை வைத்துப் பல ஆண்டுகள் சோதனை நடத்தினார். நேரெதிரே சமமாகவும் பக்கவாட்டில் திடீர்ப் பள்ளம் மேடு இல்லாமலும் ஒலிக்கும் ஸ்பீக்கரையே பெரும்பாலோர் விரும்பினார்கள். ஆகவே கடையில் எழுந்து நடந்து பார்க்க வேண்டும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்ததும் குரலின் நிறம் மாறினால் அந்த ஸ்பீக்கர் வேண்டாம். இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது சத்த அளவு சமமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது 'தரமாக' இருப்பதுபோலவே காதுக்குத் தோன்றும். விற்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

வாட் கணக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். ஸ்பீக்கரின் உணர்திறன் (ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எழும் சத்தம்) 87 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஸ்பீக்கர்கள், 3 மீட்டர் தூரம். நிதானமான 80 டெசிபல் ஒலிக்கு அரை வாட் போதும். திடீரென எழும் தாள அடிக்கு அதைவிட 20 டெசிபல் மேலே போக வேண்டியிருக்கும். 20 டெசிபல் என்பது 100 மடங்கு சக்தி, அதாவது 50 வாட். அவ்வளவுதான் தேவை. அதை 100 வாட்டாக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதிலாக 90 டெசிபல் ஸ்பீக்கர் எடுத்தால் அதே 3 டெசிபல் ஆம்ப்ளிஃபயரைத் தொடாமலே வந்துவிடும். ஸ்பீக்கரின் மின்தடை 4 ஓம் என்றால் மட்டும், அந்தச் சுமையைத் தாங்கும் ஆம்ப்ளிஃபயரா என்று பார்த்து வாங்குங்கள். சக்தி போதாத ஆம்ப்ளிஃபயரை முழுதாகத் திருகினால் அலையின் தலை வெட்டுப்படும், அப்போது முதலில் கருகுவது உச்ச ஸ்தாயிக்கான ட்வீட்டர்.

வைக்கும் விதத்துக்குக் காசு வேண்டாம், பொறுமைதான் வேண்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் எவ்வளவு தூரமோ ஏறக்குறைய அதே தூரத்தில் உட்கார வேண்டும். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். பின்சுவரிலிருந்து திரும்பும் அடி ஸ்தாயி, நேரே வரும் ஒலியோடு மோதி ஓரிடத்தில் அதை அழிக்கும். ஸ்பீக்கரின் முகப்புக்கும் பின்சுவருக்கும் 1 மீட்டர் என்றால் 86 ஹெர்ட்ஸிலும், 60 சென்டிமீட்டர் என்றால் 143 ஹெர்ட்ஸிலும் பள்ளம் விழும். ஆண் குரலின் கனம் இருக்கும் இடம் இந்த இரண்டாவது. குரல் மெலிந்து கேட்டால் புதிய கருவி தேடும் முன் ஸ்பீக்கரை ஒரு சாண் முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். பக்கச் சுவரில் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து நகர்த்திக்கொண்டே போகட்டும். உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடிக்குள் ட்வீட்டர் தெரியும் புள்ளியில் கனத்த திரையோ புத்தக அலமாரியோ வந்தால் குரல் நடுவில் வந்து நிற்கும். முட்டைத் தட்டு ஒட்டுவதால் பயனில்லை. ஓர் அங்குலப் பஞ்சுப் பலகை உச்ச ஸ்தாயியை மட்டும் உறிஞ்சி, அறையை மந்தமாக்கிவிடும்.

இனி படத்துக்கு வருகிறேன். ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ப்ளூம்லைன் 1931-இல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கோரியதற்கே திரையரங்கம்தான் காரணம் என்பார்கள்: நடிகர் திரையின் ஒரு கோடியில் நிற்க, குரல் இன்னொரு கோடியிலிருந்து வந்தது. 1933-இல் பெல் ஆய்வுக்கூடம் ஃபிலடெல்ஃபியா இசைக்குழுவின் வாசிப்பை வாஷிங்டனுக்கு அனுப்பியபோது நடுவில் ஒன்று சேர்த்து மூன்று தனி ஒலித் தடங்களைப் பயன்படுத்தியது. பெரிய அரங்கில் ஓரத்தில் அமர்ந்தவருக்கும் நடு ஒலி நடுவிலேயே இருக்க வேண்டும் என்றால் இரண்டு தடம் போதாது. வீட்டு சோஃபாவுக்கும் அதே விதி. இரண்டே ஸ்பீக்கர் இருந்தால், இடது ஓரத்தில் அமர்ந்தவருக்கு எல்லா வசனமும் இடது ஸ்பீக்கரிலிருந்தே வருவதுபோல் இருக்கும். அதோடு, இரண்டு ஸ்பீக்கரின் ஒலியும் இரண்டு காதையும் சிறு நேர வித்தியாசத்தில் அடைவதால் 2,000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம் விழும். பேச்சின் தெளிவு இருக்கும் பகுதி அது. படத்தில் வசனத்தின் பெரும்பகுதி நடுவில் ஒலிக்கும் சென்டர் தடத்தில்தான் இருக்கிறது. ஆகவே இங்கே முதல் மரியாதை சென்டர் ஸ்பீக்கருக்கு.

அது இடது வலது ஸ்பீக்கர்களின் அதே வரிசையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். படுக்கைவாட்டில் வூஃபர், ட்வீட்டர், வூஃபர் என்று மூன்றை மட்டும் அடுக்கிய வகையில் ஒரு குறை உண்டு. பக்கவாட்டில் 20, 30 பாகை தள்ளி அமர்ந்தால் இரண்டு வூஃபர்களின் ஒலியும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். ஓரத்தில் இருப்பவர் 'என்ன சொன்னான்?' என்று கேட்பது இதனால்தான். ட்வீட்டருக்கு நேர் கீழே நடு ஸ்தாயிக்கென்று தனி மிட்ரேஞ்சு வைத்த சென்டரில் இந்தத் தொல்லை குறைவு. டிவிக்குக் கீழே இடம் இருந்தால் முன்பக்க ஸ்பீக்கரைப் போலவே மூன்றாவது ஒன்றை நிமிர்த்தி வைப்பது எல்லாவற்றிலும் மேல். சென்டரை அலமாரிக்குள் ஆழமாகத் தள்ளக் கூடாது. முகப்பு அலமாரி விளிம்புக்குச் சமமாக வந்து, காதைப் பார்த்துச் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். பணம் பற்றவில்லை என்றால் மட்டமான சென்டர் வாங்குவதைவிட வாங்காமலே இருக்கலாம். படத்தின் ஒலித் தடங்களைப் பிரித்து எல்லா ஸ்பீக்கரையும் இயக்கும் ரிசீவரில் சென்டர் 'இல்லை' என்று குறித்துவிட்டால் வசனம் இடது வலதுக்குப் பிரிந்துவிடும். நடுவில் அமர்ந்தவருக்காவது நன்றாகக் கேட்கும்.

அடுத்தது சப்வூஃபர். படங்களில் அடி ஸ்தாயிக்கென்றே 120 ஹெர்ட்ஸ் வரை தனித் தடம் உண்டு, மற்றத் தடங்களைவிட 10 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும்படி வகுக்கப்பட்டது. முழு அளவில் வைத்தால் மற்றவை 105 டெசிபலைத் தொடும்போது இது 115-ஐத் தொடும். வீட்டில் யாரும் அந்த அளவுக்கு வைப்பதில்லை என்றாலும் விகிதம் மாறாது. ஒலியின் ஹெர்ட்ஸ் பாதியாக இறங்க, அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு காற்றை அசைக்க வேண்டும்; 50 ஹெர்ட்ஸை எளிதாகத் தரும் பெட்டி 25 ஹெர்ட்ஸில் மூச்சு வாங்குவது இதனால்தான். பெட்டியில் அடைத்து மொத்தமாக விற்கும் தொகுப்புகளில் வரும் ஆறு அங்குல 'சப்வூஃபர்' உண்மையில் ஒரு வூஃபர். 10 அல்லது 12 அங்குலத்துக்குக் குறையாமல் பாருங்கள்.

அது எங்கே நிற்கிறது என்பதும் அதே அளவுக்கு முக்கியம். 5 மீட்டர் நீள அறையில் 34 ஹெர்ட்ஸ் தேங்கும். சுவரோரம் அது மொத்துமொத்தென்று கேட்கும், அறையின் நட்டநடுவில் காணாமல் போகும். எனவே சோஃபா சரியாக நடுவிலும் வேண்டாம், பின்சுவரில் ஒட்டியும் வேண்டாம். சப்வூஃபரைத் தூக்கி சோஃபாவில் வைத்து, இறங்கி ஏறும் பேஸ் உள்ள பாட்டைப் போட்டு, அறை ஓரங்களில் தரையோடு தவழ்ந்து கேளுங்கள். எல்லாச் சுரமும் ஒரே கனத்தில் கேட்கும் இடத்தில் சப்வூஃபரை இறக்கி வையுங்கள். பார்ப்பவர் கேலி செய்யக்கூடும். பலன் தரும் முறை இதுதான். பலர் அமரும் அறைக்குப் பெரிய ஒன்றைவிட நடுத்தரமான இரண்டு, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் நின்றால் ஒலி சீராகப் பரவும்.

பின்பக்க ஸ்பீக்கர்களில் மிச்சம் பிடிக்கலாம். காதுக்குச் சற்று மேலே, பக்கவாட்டிலிருந்து கொஞ்சம் பின்னால், முன்பக்க நடுக்கோட்டிலிருந்து 110 பாகை அளவில் இருந்தால் போதும். கூரையில் பதிக்கும் அட்மாஸ் ஸ்பீக்கர்களை 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ஒழுங்காக அமைந்த பிறகு யோசிக்கலாம். ஆக, படத்துக்கான 100 பங்கில் முன்பக்க மூன்றுக்கும் சேர்த்து 40, சப்வூஃபருக்கு 25, ரிசீவருக்கு 25, பின்பக்கத்துக்கு 10 என்பது என் கணக்கு.

ரிசீவருக்கு ஏன் அதற்கு மேல் வேண்டாம் என்றால், படமும் ஒலியும் ஒரே கம்பியில் செல்லும் எச்டிஎம்ஐ இணைப்பின் விதிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறி அதைப் பழசாக்கிவிடும். ரப்பர் விளிம்புள்ள ஸ்பீக்கர் 20 ஆண்டு உழைக்கும். விளம்பரத்தில் '7 தடம், தலா 100 வாட்' என்றிருந்தால் அடிக்குறிப்பைப் படியுங்கள். இரண்டு தடங்களை மட்டும் இயக்கி, 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, 8 ஓமில் அளந்தது என்றால் நம்பலாம். ஒரே தடம், 6 ஓம், 1,000 ஹெர்ட்ஸ், 10 சதவீதச் சிதைவு என்றிருந்தால் அது காகித வாட். டிவியிலிருந்து ஒரே கம்பியில் எல்லா வகை ஒலியும் வர வேண்டுமானால் டிவி, ரிசீவர் இரண்டு பக்கமும் எச்டிஎம்ஐ கம்பி வழியே ஒலியை ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் இஆர்க் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். டிவியின் ஒலி வெளியீடு பிசிஎம்மில் (டிவியே பிரித்துத் தரும் ஒலி) இருந்தால் பழைய ஆர்க் இணைப்பில் இரண்டு தடம் மட்டுமே வந்து சேரும். பின்பக்கம் ஊமையாக இருக்கிறது என்று ஸ்பீக்கரைப் பழிப்பவர்களில் பாதிப்பேர் பார்க்க வேண்டிய இடம் டிவியின் அமைப்புப் பக்கம்தான்; அதை, வந்த ஒலியை அப்படியே அனுப்பும் பிட்ஸ்ட்ரீம் அல்லது பாஸ்த்ரூவுக்கு மாற்ற வேண்டும்.

அறையை அளந்து ஒலியைத் திருத்த ரிசீவரோடு வரும் மைக்கைக் காது உயரத்தில், முக்காலியில் வைத்து அளக்க வேண்டும். சோஃபா முதுகில் சாய்த்து வைத்தால் அளவு பிசகும். அளந்து முடித்த பின் ரிசீவர் சொன்னதை அப்படியே விடாதீர்கள். பெரும்பாலும் முன் ஸ்பீக்கரை 'பெரியது' என்று குறித்துவைக்கும். 'சிறியது' ஆக்கி கிராஸ்ஓவரை (எதற்குக் கீழே உள்ள ஒலி சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். பேஸ் சுமை சப்வூஃபருக்குப் போய், ரிசீவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். சப்வூஃபரின் பின்னாலுள்ள கிராஸ்ஓவர் குமிழை உச்சத்துக்குத் திருப்பிவிடுங்கள், இல்லையேல் இரண்டு வடிகட்டி ஒன்றன்மேல் ஒன்றாக வேலை செய்யும். சப்வூஃபரின் தூரத்தை மட்டும், நாடாவில் அளந்ததைவிட ஒன்றிரண்டு மீட்டர் கூடுதலாகக் காட்டினாலும், திருத்தாதீர்கள். அதன் உள்ளே இருக்கும் வடிகட்டி உண்டாக்கும் தாமதத்தைத்தான் ரிசீவர் தூரமாகச் சொல்கிறது. இரவில் சண்டைக் காட்சி அலறி வசனம் முணுமுணுத்தால், ஒலி வீச்சைச் சுருக்கும் இரவு முறை பெரும்பாலான ரிசீவர்களில் உண்டு.

கேபிளுக்குக் கால் பங்கு என்பது எனக்கு விளங்கவே இல்லை. 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 5 மீட்டர் நீளத்துக்குப் போய்த் திரும்பினால் மின்தடை 0.12 ஓம் அளவுதான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு பொருட்டே இல்லை; 10 மீட்டருக்கு மேல் போனாலோ 4 ஓம் ஸ்பீக்கரானாலோ 2.5 எடுக்கலாம். கேபிளில் உண்மையான ஆபத்துகள் வேறு. ஒரு பக்கம் கூட்டலும் கழித்தலும் மாறிவிட்டால் பேஸ் மெலியும், குரல் நடுவில் நிற்காமல் அறையெங்கும் அலையும். 1.5 வோல்ட் பேட்டரியைக் கம்பி நுனியில் ஒரு நொடி தொட்டுப் பாருங்கள் (கம்பியை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு): கூட்டல் கூட்டலோடு சேர்ந்தால் வூஃபர் வெளியே தள்ளும். பிரிந்து நிற்கும் ஒற்றை இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஆம்ப்ளிஃபயர் பாதுகாப்பு நிலைக்குப் போய்விடும்.

பாட்டும் படமும் இரண்டும் வேண்டும் என்பவர்கள் முதலில் பாட்டுக்கான ஜோடியை வாங்கட்டும். அடுத்து பிரீஅவுட் (பெருக்காத ஒலியை வேறு ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் முனை) உள்ள ரிசீவர், பின்பு சப்வூஃபர், சென்டர், கடைசியில் பின்பக்கம். பாட்டை 'ப்யூர் டைரக்ட்' முறையில் கேட்டால் தூய்மை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. பெரும்பாலான ரிசீவர்களில் அது சப்வூஃபரையும் அறைத் திருத்தத்தையும் நிறுத்திவிடும். சிறிய ஸ்பீக்கருக்குச் சாதாரண 'ஸ்டீரியோ' முறையே நல்லது.

இறுதியாக, கட்டுரையோடு வந்த வரைபடத்தில் உள்ள ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். ரிசீவரின் ஸ்பீக்கர் முனைகளையும் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளையும் ஒரே ஜோடி ஸ்பீக்கரில் சேர்த்து, 'எது வேண்டுமோ அதை இயக்கலாம்' என்று எழுதியிருக்கிறது. ஒன்று இயங்கும்போது அதன் மின்னோட்டம் மற்றதன் வெளியீட்டுக்குள் பாயும்; ஒன்றோ இரண்டுமோ எரிந்துபோகும். ரிசீவரின் முன் இடது, முன் வலது பிரீஅவுட்டிலிருந்து ஆர்சிஏ கம்பி வழியாக ஆம்ப்ளிஃபயரின் 'எச்டி பைபாஸ்' (ஹோம் தியேட்டர் பைபாஸ், சத்தக் குமிழைத் தாண்டிப் போகும்) உள்ளீட்டுக்குப் போக வேண்டும். ஸ்பீக்கர் கம்பிகள் ஆம்ப்ளிஃபயரில் மட்டுமே இருக்க வேண்டும். பைபாஸ் இல்லாத ஆம்ப்ளிஃபயரானால் ஒரு சாதாரண உள்ளீட்டில் சேர்த்து, சத்தக் குமிழில் ஓரிடத்தைக் குறித்து, ஒவ்வொரு முறை படம் பார்க்கும்போதும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம். பைபாஸ் உள்ளீட்டில் தவறிப்போய் செல்பேசியையோ பிளேயரையோ செருகினால் முழுச் சத்தம் ஒரேயடியாக வெளிப்பட்டு ட்வீட்டர் போய்விடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாராவது அந்தப் பழைய வரைபடத்தைப் பார்த்துக் கம்பி இழுப்பதற்குள் அடுத்த இணைப்பிலேயே திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒலியமைப்புப் பணியில் இருக்கும் வாசகர்